மெனேகா சேர்த்து வைத்த சாட்சிகள்

பெர்கமோ மலைப் பள்ளத்தாக்கிலிருந்து பிழைப்புத் தேடி வெனிஸுக்கு வருகிற எவனுக்கும் மெனேகாவின் விடுதியில் படுக்கை கிடையாது. ஜெர்மன்காரன் தங்கலாம், கிரேக்கன் தங்கலாம், அல்பேனியாவிலிருந்து ஆடு மேய்த்தபடியே வந்தவன்கூடத் தங்கலாம். எங்கள் ஆள் வாசலில் நின்று வாயைத் திறந்ததுமே பேச்சை வைத்துக் கண்டுபிடித்துவிடுவாள். "இடம் இல்லப்பா" என்பாள். அவள் முதுகுக்குப் பின்னால் படுக்கைகள் காலியாகக் கிடப்பது தெருவிலிருந்தே தெரியும். திருப்பி அனுப்பப்பட்டவர்கள் நேரே என்னிடம்தான் வருவார்கள், ஏனென்றால் மாவு மண்டிச் சுமைக்காரர்களில் இன்று நான்தான் மூத்தவன். "என்ன கொமீன் அண்ணே, அந்தம்மாவுக்கு நம்ம மேல அப்படி என்ன கடுப்பு?" என்று கேட்பார்கள். அவள் குணமே அப்படித்தான் என்று சொல்லி அனுப்பிவிடுவேன்.

அது பொய். அவள் குணம் அப்படி இல்லை. ஒரு காலத்தில் எங்கள் பள்ளத்தாக்கு ஆள் யாராவது படகிலிருந்து இறங்கினால் முதல் வேளைச் சோறு அவள் கையால்தான். நான் சொல்வது பெரிய கொள்ளைநோய்க்கு முந்தைய காலம்.

மெனேகா பிறந்தது ஃப்ரியூலி மலையில். பதின்மூன்று வயதில் ஒரு பட்டு வியாபாரி வீட்டில் பாத்திரம் தேய்க்க வந்தாள். இந்த ஊரில் பாதிப்பேர் அப்படி வந்தவர்கள்தான். ரொட்டி சுடுகிறவன் ஜெர்மன்காரன், மூட்டை தூக்குகிறவன் எங்கள் ஊர்க்காரன், பாத்திரம் தேய்க்கிறவள் ஃப்ரியூலிக்காரி. இங்கேயே பிறந்தவன் என்ன வேலை செய்கிறான் என்று எனக்கு இன்று வரை பிடிபடவில்லை; வந்தவர்களுக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கிறான் என்று நினைக்கிறேன். மெனேகா ஒன்பது வருஷம் பாத்திரம் தேய்த்துவிட்டு, துடுப்புக் கப்பலில் வேலை பார்த்த நடால் என்பவனைக் கட்டிக்கொண்டாள். இடது காது மடல் கிழிந்தவன், வாய் அதிகம் பேசாதவன். இரண்டு வருஷம் குடித்தனம் நடத்தினான், பிறகு கிரீட் தீவுக்குப் போன கப்பலில் ஏறினான், திரும்பி வரவில்லை. அங்கே காய்ச்சல் பரவிப் பாதிக் கப்பல் காலியானதாகச் செய்தி மட்டும் வந்தது. அவன் செத்தான் என்று சொல்லவும் ஆள் இல்லை, இருக்கிறான் என்று சொல்லவும் ஆள் இல்லை.

மூன்று வருஷம் பார்த்தாள். பிறகு வீட்டில் வைக்கோல் மெத்தைகளைப் போட்டு வாடகைக்கு விட்டாள். மேலே இரண்டு அறை, ஆறு படுக்கை, படுக்கைக்கு இரண்டு பேர். கீழே அடுப்படியும் அவள் படுக்கிற மூலையும். ஒரு பெண்பிள்ளை தனியாக விடுதி நடத்துவதென்றால் லேசில்லை. இவள் ஒழுக்கமானவள் என்று பங்குச் சாமியார் எழுதித் தர வேண்டும், அதைப் பார்த்து அதிகாரிகள் அனுமதித் தாள் கொடுக்க வேண்டும். பேர் கெட்டால் தாள் போகும். தாள் போனால் வீடு போகும். மெனேகா பேரைக் கெடுத்துக்கொள்ளாமல் நடத்தினாள். புதிதாக வந்தவனை அவளே அலுவலகத்துக்கு இழுத்துக்கொண்டு போய், வெளியூர்க்காரன் சீட்டு வாங்கித் தந்த பிறகுதான் படுக்கையைக் காட்டுவாள்.

அப்படி அவள் சீட்டு வாங்கித் தந்த முதல் ஆள்களில் ஒருவன் போர்த்தோலோ. எங்கள் ஊர்க்காரன், அடுத்த தெரு. அப்போது அவனுக்கு இருபத்திரண்டு வயது. நல்ல உயரம், நல்ல குரல். தான் தூக்க வேண்டிய மூட்டையை "அண்ணே, உங்க தோளு மாதிரி வருமா" என்று சொல்லி இன்னொருவன் தோளில் ஏற்றிவிடுகிற சாமர்த்தியம் சின்ன வயதிலேயே உண்டு. மற்றவர்கள் ஒரு குளிர்காலம் தங்குவார்கள், வேலை கிடைத்ததும் வேறு பக்கம் போய்விடுவார்கள். இவன் போகவில்லை. இரண்டாவது வருஷம், வீட்டில் யாரும் இல்லாத ஒரு மத்தியானம், அடுப்படியில் மாதா படத்துக்கு முன்னால் அவள் கையைத் தொட்டு, உன்னைத்தான் கட்டிக்கொள்வேன் என்று வாக்குக் கொடுத்தான். இந்த ஊரில் கை தொட்டுச் சொன்னால் அது பாதிக் கல்யாணம்.

மீதிப் பாதிக்கு இரண்டு தடைகள் இருந்தன. ஒன்று, நடால் செத்துவிட்டான் என்று கண்ணால் பார்த்த ஒருவன் வந்து சத்தியம் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் மெனேகா இன்னும் அவன் பெண்டாட்டிதான். இன்னொன்று போர்த்தோலோவுக்கானது. ஊரில் ஒரு பெண்டாட்டியை விட்டுவிட்டு வந்து இங்கே புதுமாப்பிள்ளை வேஷம் போடுகிறவர்கள் அதிகம் என்பதால், வெளியூர்க்காரன் யாரானாலும் பேராயர் மன்றத்தில் சாட்சி நிறுத்த வேண்டும். மீசை முளைத்த நாளிலிருந்து எங்கெங்கே இருந்தானோ அத்தனை வருஷத்துக்கும், கூடவே இருந்தவர்கள் வேதப் புத்தகத்தில் கை வைத்து, இவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை, யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை என்று சொல்ல வேண்டும். இடையில் ஒரு வருஷம் விட்டுப்போனாலும் கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க மாட்டார்கள்.

மெனேகா எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. இரண்டு தடைக்கும் சேர்த்தே இறங்கினாள். கிழக்கிலிருந்து கப்பல் வந்தால் துறைக்குப் போய், இடது காது கிழிந்த ஃப்ரியூலிக்காரனைப் பார்த்தீர்களா என்று இறங்குகிறவர்களை எல்லாம் கேட்பாள். மாலுமிகளுக்கு இது வேடிக்கையாகிவிட்டது. "காது கிழிஞ்சவன் இல்ல, மூக்கு அறுந்தவன் ஒருத்தன் இருக்கான், பரவாயில்லையா?" என்பார்கள். அவள் சிரித்துவிட்டு அடுத்த ஆளிடம் போவாள்.

போர்த்தோலோவின் தடைக்கு அவள் கண்டுபிடித்த வழிதான் எங்களுக்கு லாபமாக இருந்தது. எங்கள் பள்ளத்தாக்கிலிருந்து யார் வந்தாலும் கூப்பிட்டு உட்கார வைப்பாள். தினைக்களி, வெங்காயம் போட்டு வதக்கிய மத்தி மீன், ஒரு குவளை திராட்சை மது. சாப்பிட்டு முடித்ததும் மெதுவாகக் கேட்பாள்: "போர்த்தோலோவைச் சின்ன வயசுலேருந்து தெரியுமா?" தெரியும் என்றால் அவனுக்கு அந்த வீட்டில் ராஜ மரியாதை. ஆடு வியாபாரம் செய்கிற அண்ணன் தம்பி இருவர் வருஷம் ஒரு தடவை வருவார்கள், ஒரு செம்புக் காசு வாங்காமல் இரண்டு வாரம் வைத்திருந்து அனுப்புவாள். அவர்கள் போர்த்தோலோ ஊரை விட்டுக் கிளம்பிய நாள் வரைக்கும் சாட்சி. அதற்குப் பிறகு இங்கே இருந்த வருஷங்களுக்கு அவள் வீட்டில் தங்கினவர்கள் சாட்சி. நான் வந்து சேர்ந்தது அவன் வந்து நாலு வருஷம் கழித்து.

"நீ எங்கயும் போயிடாதே கொமீன். இங்க வர்றவன் எல்லாம் ஓடிடறான். நீ ஒருத்தன் கல்யாணம் வரைக்கும் இரு" என்றாள் என்னிடம்.

"சோறு நல்லா இருக்குற வரைக்கும் நான் எதுக்குப் போறேன் அக்கா?" என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். ஆனால் இருந்தேன், ஐந்து வருஷம்.

இதில் ஒரு ஓட்டை இருந்தது. அவளும் பார்க்கவில்லை, நானும் அப்போது பார்க்கவில்லை. ஒருவன் கல்யாணமாகாதவன் என்று சொல்லச் சாட்சி சேர்த்து வைத்தால், அந்தச் சாட்சி அவன் யாரைக் கட்டினாலும் செல்லும். அவள் ஊட்டி வளர்த்த சாட்சிகள் எல்லாம் அவனுடையவர்கள். ஒருத்தன்கூட அவளுடையவன் இல்லை.

போர்த்தோலோவோ அவசரப்படவே இல்லை. கேட்டால், "எனக்கு என்ன, நாளைக்கே தயார். உன் புருஷன் செத்ததுக்கு முதல்ல ஆளைக் கொண்டா" என்பான். அதைச் சொல்லும்போது அவன் குரலில் கொஞ்சம் வருத்தம்கூடத் தொனிக்கும். நாங்கள் எல்லாரும் அதை நம்பினோம். சனிக்கிழமை தோறும் அவன் சட்டையை அவள்தான் துவைத்தாள், அவன் காலுறையை அவள்தான் தைத்தாள், மேலே ஆறு படுக்கையில் ஒன்றில் மட்டும் அவன் தனியாகப் படுத்தான். வாடகை கேட்டதாக எனக்கு நினைவில்லை.

ஒன்பதாவது வருஷம் மழைக்காலம் முடியும்போது ஸ்தாமாத்தி என்கிற கிரேக்கத் தச்சன் படுக்கை கேட்டு வந்தான். மெனேகா வழக்கம்போல் களியை வைத்துவிட்டு வழக்கம்போல் கேட்டாள். அவன் கரண்டியைக் கீழே வைத்தான்.

"இந்தப் பக்கத்துக் காதா?" என்று தன் இடது காதைப் பிடித்துக் காட்டினான். "நாய் கடிச்சதுன்னு சொல்வான்."

மெனேகா அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டாள். "அவன்தான்" என்றாள்.

"நான்தாம்மா குழி வெட்டினேன்" என்றான் ஸ்தாமாத்தி. "மண்ணு கெட்டியா இருந்துச்சு. மன்னிச்சுக்கோ, ஆழமா வெட்ட முடியல."

அன்றைக்கு அவள் நடாலுக்காக அழுதாள். மறுநாளே ஸ்தாமாத்தியை அழைத்துக்கொண்டு பேராயர் மன்றத்துக்குப் போனாள். பத்து நாளில் தாள் கைக்கு வந்தது: இவள் விதவை, மறுபடி கல்யாணம் செய்யத் தடை இல்லை. அன்று விலாங்கு மீன் வாங்கிக் குழம்பு வைத்தாள். விடுதியில் இருந்த அத்தனை பேருக்கும் சாப்பாடு. போர்த்தோலோ வந்ததும் தாளை அவன் முன்னால் வைத்தாள். அவனுக்கும் அவளுக்கும் படிக்கத் தெரியாது, இருந்தாலும் அவன் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நல்லது" என்றான். விலாங்கு மீனை மட்டும் நன்றாகச் சாப்பிட்டான்.

நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஏனென்றால் எனக்கு அப்போதே தெரியும். மாவு மண்டிச் சுமைக்காரர் சங்கத்துக்கு மாஃபியோ என்று ஒரு மேஸ்திரி இருந்தார், எங்கள் பக்கத்துப் பள்ளத்தாக்கு ஆள். சங்கத்தில் இடம் என்றால் ஆயுசுக்கும் வேலை. இடம் இல்லாதவன் என்னைப் போல மண்டி வாசலில் நின்று, உள்ளே எவனுக்காவது முதுகு பிடித்துக்கொண்டால் மட்டும் கூப்பிடப்படுவான். மேஸ்திரிக்கு ஆண்பிள்ளை இல்லை, அஞ்ஜோலா என்று ஒரே மகள். அவளைக் கட்டுகிறவனுக்கு மேஸ்திரிக்கு அடுத்த இடம். போர்த்தோலோ கோடையிலிருந்தே அந்த வீட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தான். அவனுக்குத் துணையாக இரண்டு தடவை நானே போயிருக்கிறேன். மெனேகா அக்காவிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. களி சாப்பிடும்போது தோன்றும், சாப்பிட்டு முடித்ததும் மறந்துவிடும். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

தாள் வந்த நாலாம் நாள் காலை, கால்வாய் ஓரம் நானும் அவளும் மெத்தைக்குப் புது வைக்கோல் அடைத்துக்கொண்டிருந்தோம். நான் பையின் வாயைப் பிடித்திருந்தேன், அவள் அடைத்தாள். போர்த்தோலோ வந்து நின்றான். சவரம் செய்திருந்தான்.

"மெனேகா, ஒரு உதவி" என்றான். "பேராயர் மன்றத்துல எனக்குச் சாட்சி சொல்லணும்."

அவள் நிமிர்ந்து சிரித்தாள். "நான் எப்படிடா சொல்றது? கல்யாணப் பொண்ணே சாட்சி சொல்ல முடியுமா? அதுக்குத்தான் கொமீனை வெச்சிருக்கேன்."

அவன் என்னைப் பார்த்தான். நான் வைக்கோலைப் பார்த்தேன்.

"பொண்ணு நீ இல்ல" என்றான். "மேஸ்திரி மக அஞ்ஜோலா. ஆட்டுக்கார அண்ணன் தம்பி நேத்தே சொல்லிட்டாங்க. கொமீன் வந்து அஞ்சு வருஷம்தான் ஆகுது. அதுக்கு முன்னால இங்க தங்கினவன் எல்லாம் எங்கயோ போயிட்டான், அந்த நாலு வருஷத்துக்கு உன்னைத் தவிர ஆள் இல்ல. இந்த ஊர்ல எனக்குன்னு இருக்குறது நீ ஒருத்திதானே? தாய் மாதிரி."

அவள் கையில் இருந்த வைக்கோல் கையிலேயே இருந்தது. "தாயா?" என்றாள். "ஒன்பது வருஷத்துல இன்னைக்குத்தான் தாய் ஆனேனா? போன சனிக்கிழமை என்னவா இருந்தேன்?"

"சத்தம் போடாதே. தெருவுல கேக்கும்."

"கேக்கட்டும். என் கையைத் தொட்டுச் சொன்னியா இல்லையா?"

"யார் பார்த்தா?" என்றான் போர்த்தோலோ. கோபமே இல்லாமல்தான் கேட்டான். "நான் சொன்னதை யார் பார்த்தா, சொல்லு. சாட்சி இல்லாத வாக்கு வாக்கே இல்லேன்னு சாமியாரே சொல்றாரு. நீ போய் எனக்கு வாக்குக் குடுத்தான்னு சொன்னா, அவனோட எப்படி இருந்தேன்னு அடுத்த கேள்வி கேப்பாங்க. அப்புறம் விடுதித் தாளை எவன் குடுப்பான்? உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

போகும்போது என் தோளைத் தட்டிவிட்டுப் போனான். மெனேகா மெத்தைப் பையின் வாயைத் தைத்து முடித்தாள். தையல் நேராக இருந்தது. பிறகு உள்ளே போய்விட்டாள்.

மூன்று நாள் அவள் அதையே பேசினாள், நானும் கேட்டேன். அவள் முன்னால் இருந்தது இரண்டே வழி. வாக்குக் கொடுக்கவில்லை என்று சத்தியம் செய்தால் பொய்ச் சத்தியம்; அவளுக்கு நரகத்தின் மேல் உண்மையான பயம் உண்டு. வாக்குக் கொடுத்தான் என்றால் நிரூபிக்க ஆள் இல்லை. வாக்கும் நிற்காது, வீடும் நிற்காது, தெருவில் வாய்க்கு வந்த பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். "ஒரே ஒரு ஆள் அன்னைக்கு அடுப்படியில இருந்திருந்தா போதுமே கொமீன். தண்ணி குடிக்க வந்த ஒருத்தன் இருந்திருந்தா போதுமே" என்றாள். தூங்காமல் அவள் கண் வீங்கியிருந்தது.

"போய்த் தொலையட்டும்க்கா. அவன் கேட்டதைச் சொல்லிட்டு வந்துடு" என்றேன்.

அவளுக்காகச் சொன்னதாக அவள் நினைத்தாள். அது மேஸ்திரிக்காகச் சொன்னது. முந்தின நாள்தான் மாஃபியோ மேஸ்திரி என்னைப் பாலத்தில் நிறுத்திப் பேசியிருந்தார்.

"எவ்வளவு நாளா வாசல்லயே நிக்கிறே?" என்றார்.

"அஞ்சு வருஷமாச்சு மேஸ்திரி."

"உள்ள ஒரு இடம் காலியாகுது. சாட்சி சொல்றது ஒரு நாள் வேலை. சங்கத்துல இடம் ஆயுசுக்கும். அந்தப் பொம்பள ஒழுங்கா சொல்லுதான்னு நீ பார்த்துக்க. ஒண்ணு விட்டுப்போனாலும் நீ சேர்த்துக்க. புரியுதா?"

எனக்குப் புரிந்தது. இன்றைக்கும் அந்தப் பாலத்தில் ஏறும்போது எனக்கு என் மேலேயே எரிச்சல் வரும்.

வெள்ளிக்கிழமை காலை மெனேகா நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு வந்து நின்றாள். "நீயும் கூட வா. உன்னையும் கேப்பாங்க. நீயாவது உள்ளதைச் சொல்லுவே" என்றாள். இரண்டு பேரும் படகில் போனோம். பேராயர் மன்றத்து வாசலில் ஒரு பெஞ்சு. எங்களுக்கு முன்னால் ஒரு ஜெர்மன் ரொட்டிக்காரனும் அவனுடைய சாட்சிகளும். கதவு சரியாகச் சாத்தாது, உள்ளே பேசுவது பெஞ்சு வரை கேட்கும்.

மெனேகா உள்ளே போனாள். குமாஸ்தா பேர், ஊர், வயது எல்லாம் கேட்டார். போர்த்தோலோ எப்போது வந்தான், எங்கே தங்கினான் என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் தெளிவாகப் பதில் சொன்னாள்.

"அவன் யாரையாவது கட்டியிருக்கானா? யாருக்காவது வாக்குக் குடுத்திருக்கானா? சத்தியத்தை நினைச்சுட்டுச் சொல்லும்மா."

குமாஸ்தா இருமினார்.

"ஐயா, அவன் யாருன்னு எனக்குத் தெரியாது" என்றாள் மெனேகா.

"என்னம்மா இது? ஒன்பது வருஷம் உன் வீட்லதான் இருந்தான்னு இப்பதானே சொன்னே?"

"இருந்தான். அவன் துணியைத் துவைச்சேன், காய்ச்சல்ல கிடந்தப்ப கஞ்சி ஊத்தினேன். அப்படியும் அவன் யாருன்னு தெரியல ஐயா. தெரியாத ஆளுக்கு நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

"அப்ப இதை என்னன்னு எழுதுறது?"

"தெரியாதுன்னு எழுதுங்க."

நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பெருமையாக இருந்தது. நிஜமாகவே சொல்கிறேன், பெருமையாக இருந்தது. பொய்யும் சொல்லவில்லை, வீட்டையும் விடவில்லை, அவனையும் தப்ப விடவில்லை. முதல் நாலு வருஷம் சாட்சி இல்லாமல் கிடக்கும், ஓலை வாசிக்க முடியாது, மேஸ்திரி வேறு மாப்பிள்ளை பார்த்துக்கொள்வார். வெளியே வந்தவள் முகத்தில் ஒன்பது வருஷத்துக் களைப்பு இருந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்து, துணியில் முடிந்து வந்திருந்த ரொட்டியைப் பிட்டு எனக்குப் பாதி கொடுத்தாள். "போய்ச் சொல்லிட்டு வா. நான் இருக்கேன்" என்றாள்.

ரொட்டியை மென்றுகொண்டேதான் உள்ளே போனேன். வேதப் புத்தகத்தில் கை வைத்தேன். போர்த்தோலோவை எத்தனை வருஷமாகத் தெரியும் என்று கேட்டார் குமாஸ்தா.

"சின்ன வயசுலேருந்தே ஐயா."

"வெனிஸ்ல அவனோட ஒரே வீட்ல எத்தனை வருஷம் இருந்தே? அந்தப் பொம்பள ஒண்ணும் தெரியாதுன்னுட்டா. முதல் நாலு வருஷத்துக்கு ஆள் இல்ல. அதான் கேக்குறேன்."

ஐந்து என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். மண்டி வாசல் ஞாபகம் வந்தது. குளிர்காலத்தில் அந்த வாசலில் நின்றவனுக்குத்தான் அது தெரியும். வாயிலிருந்து ஒன்பது என்று வந்தது. குரலை இறக்கித்தான் சொன்னேன். "முதல் நாள்லேருந்து ஒரே வீட்லதான் ஐயா. யாருக்கும் வாக்குக் குடுக்கல. கட்டுப்பாடான பையன்." குமாஸ்தா எழுதிக்கொண்டார். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாததால் அடியில் ஒரு சிலுவை போட்டேன்.

வெளியே வந்தபோது மெனேகா எழுந்து நின்றாள். "உள்ளதைச் சொன்னியா?"

"சொன்னேன்க்கா."

படகுக்கு அவள்தான் காசு கொடுத்தாள். வழியெல்லாம் லேசாகப் பேசிக்கொண்டு வந்தாள். ஸ்தாமாத்திக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுக்க வேண்டும், மேல் அறை ஜன்னலுக்குப் பலகை மாற்ற வேண்டும் என்றாள்.

அடுத்த ஞாயிறு மார்ட்டின் கோயிலில் பூசை. போர்த்தோலோ எந்தக் கோயில் பங்கில் குடியிருந்தானோ அந்தப் பங்கில்தான் ஓலை வாசிக்க வேண்டும். அவன் குடியிருந்தது மெனேகா வீட்டில், ஆகவே ஓலையும் மெனேகாவின் கோயிலில்தான். அவள் வழக்கமான இடத்தில், தூண் பக்கத்தில் நின்றிருந்தாள். நான் பின்னால் இருந்தேன். சாமியார் மூக்கைத் துடைத்துக்கொண்டு வாசித்தார்: பெர்கமோ ஊர் போர்த்தோலோவுக்கும் மாஃபியோ மகள் அஞ்ஜோலாவுக்கும் முதல் ஓலை, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம். மெனேகா திரும்பிப் பார்க்கவில்லை. அவள் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. பெண்கள் இரண்டு பேர் அவளைப் பார்த்துவிட்டுத் தங்களுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டார்கள். பூசை முடியும் வரை அவள் அசையாமல் நின்றாள்.

நான் வேறு எங்காவது போயிருக்கலாம். பசித்தது, வீட்டுக்குத்தான் போனேன். அடுப்படியில் அவள் களியைப் பலகையில் கொட்டி நூலால் அறுத்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் இன்னும் வரவில்லை. எனக்கு எப்போதும் வைக்கிற இடத்தில் எப்போதும் வைக்கிற அளவு வைத்தாள். நான் உட்கார்ந்தேன்.

"முதல் நாலு வருஷத்துக்கு ஆள் இல்லாம ஓலை வாசிக்க மாட்டாங்க இல்ல?" என்றாள்.

நான் களியைப் பிட்டுக்கொண்டிருந்தேன்.

"நீதானா?"

"ஆமாக்கா."

"நீ அப்ப இங்கதான் இருந்தேன்னு சொன்னியா?"

"ஆமா."

"இந்த வீட்லயே?"

"ஆமாக்கா. முதல் நாள்லேருந்துன்னு சொல்லிட்டேன்."

அவள் என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். கையில் நூல் இருந்தது, களிப் பலகையை என் தலையில் போட்டாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தேன். அவள் நூலை வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, எனக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்தாள். குரல் உயரவே இல்லை.

"அப்ப நீ பார்த்திருப்பியே" என்றாள். "இந்த அடுப்படியில அவன் என் கையைத் தொட்டுச் சொன்னப்ப ஒரு ஆளு இல்லையேன்னு அழுது அழுது மூணு நாள் கிடந்தேன். நீ இருந்திருக்கே. வேதப் புத்தகத்து மேல கை வெச்சுச் சொல்லியிருக்கே. சொல்லு கொமீன். எனக்கு இப்ப நீதான் சாட்சி. என்ன பார்த்தே?"

நான் களியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஆறிக்கொண்டிருந்தது. அவள் எழுந்திருக்கவில்லை, பதிலுக்காகக் காத்திருந்தாள். மற்றவர்கள் வந்து கதவைத் தட்டினார்கள், அவள் போய்த் திறக்கவும் இல்லை. கடைசியில் நான்தான் எழுந்து கதவைத் திறந்துவிட்டேன், பிறகு மாடிக்குப் போய் என் மூட்டையைக் கட்டினேன்.